டாக்டரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்

முதல் தடவையாக வருகிறீர்களா? உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி விசிறிக்கு நேராக வாருங்கள். உள்ளே ஓர் அம்மா இருக்கிறார்கள். அவர்கள் வந்ததும் நான் போவேன். எனக்கு அப்புறம் நீங்கள். நேரம் இருக்கிறது.

பயமாக இருக்கிறதோ? முகம் சொல்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். டாக்டர் ஜெபசிங் தங்கமான மனிதர். ஆனால் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் போல நீங்களும் திகைத்துப்போவீர்கள். அவர் பேச மாட்டார். மனதுக்குள் ஏதோ பெரிய வருத்தம் இருக்கிறது. என்னவென்று இன்னும் என்னால் முழுதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நானா? பெயர் ஆவுடைநாயகம். திருநெல்வேலி டவுன். கல்யாண வீடுகளில் பந்தி பார்க்கிறவன். சமையலுக்குச் சுடலைமுத்து என்று ஒருவர் இருக்கிறார். அடுப்படி அவருடையது. இலை போட்டதிலிருந்து இலை எடுக்கிறவரை என் பொறுப்பு. வரிசை வரிசையாக நடந்துபோய், ஒவ்வோர் இலையாகப் பார்த்து, யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்களும் விசாரிப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நான் இலையைப் பார்த்துக் கேட்பேன். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரைச் சாப்பிட வைத்திருக்கிறேன். எங்கேயாவது ஓர் இலையில் பொரியல் வைக்காமல் விட்டிருந்தால் எனக்கு முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்ப்பேன், அங்கே இருக்காது. இது ஒரு வரமா இல்லை நோயா என்று நானே சில சமயம் யோசித்திருக்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ரசம் கேட்பார்கள். போய்விடுவேன்.

வாசலில் போர்டு பார்த்தீர்கள் அல்லவா? பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம். மூன்று ஐட்டம் போட்டிருக்கிறார். என்னிடம் மூன்றும் கிடையாது. எனக்கு இருந்தது வாயு.

போன ஆவணியில் என் மகள் தாரிணிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மேடையில் தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் நான் பந்திக்கூடத்தில் இருந்தேன். வேறு எங்கே இருப்பேன்? மாப்பிள்ளையின் பெரியப்பா சர்க்கரைக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மனிதர் வாயைத் திறக்கவில்லை. போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். தலையை ஆட்டினார். மறுபடியும் போய்க் கேட்டேன். மறுபடியும் தலையை ஆட்டினார். சம்பந்தி வீட்டு மூத்தவர், என் மகளுடைய நிச்சயத்தில், வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறார். என்ன குறை என்று தெரியவில்லை. அப்போது பிடித்தது பாருங்கள், நெஞ்சை யாரோ துணி பிழிகிற மாதிரி. வேர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. யாரும் பார்க்கக் கூடாது என்று சாமான் அறைக்குள் போய்த் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டேன்.

மேடையில் என்னைத் தேடியிருக்கிறார்கள். நல்ல நேரம் போகிறது என்று என் மச்சினன் தாம்பூலத்தை மாற்றிவிட்டான். மாப்பிள்ளை வீட்டில் யாரோ "பொண்ணுக்கு அப்பா இல்லையா?" என்று கேட்க, இவன் "இருக்காரு, தேங்காய்க்குப் பக்கத்துல படுத்திருக்காரு" என்று சொல்லியிருக்கிறான். அவன் அப்படித்தான். எந்த இடத்தில் எதைச் சொல்வதென்று தெரியாது.

அந்தப் பெரியப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. பல்செட் புதிது. பேசினால் விழுந்துவிடும் என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இருதயம் குதிரை மாதிரி இருக்கிறதாம். "மனசுதான் அண்ணாச்சி" என்றார் அந்த டாக்டர். வாயு என்று சொல்ல அவருக்குக் கூச்சம். நான் விட்டுவிட்டேன். தாரிணி விடவில்லை. விசாரித்து விசாரித்து இந்த இடத்தைக் கண்டுபிடித்து அவளே நேரம் வாங்கிவிட்டாள்.

"அங்க போனா என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"பேசுவீங்க. ஒரே மாதிரி நாம எதையாவது திரும்பத் திரும்பச் செய்வோம்லா, அது எங்கேருந்து வருதுன்னு பாப்பாங்க. சின்ன வயசுல நடந்தது, மனசுக்குள்ள கெடக்கது, எல்லாம்."

"எனக்கு உள்ள ஒண்ணும் கெடக்கல தாயி."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, தை மாசம் கல்யாணம். எனக்குத் தாரை வாக்கது நீங்க. தாலி கட்டி முடியுத வரைக்கும் மேடையில இருக்கணும். அப்புறம் எங்க கூட உக்காந்து சாப்பிடணும். பந்திப் பக்கம் போனீங்கன்னு தெரிஞ்சுது, நான் மணையை விட்டு எந்திரிச்சிருவேன்."

எழுந்திருப்பாள். என் மகளை எனக்குத் தெரியும். அவள் அம்மா பகவதி பக்கத்தில் நின்றுகொண்டு, "எந்திரிப்பா" என்றாள். அதற்காகத்தான் வந்தேன், வேறொன்றுமில்லை. மகள் கல்யாணத்தில் ஓர் இடத்தில் உட்கார வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். எனக்கு அதை நினைத்தாலே வாயு வந்தது.

முதல் நாள் உள்ளே போனேன். இரண்டு நாற்காலி, ஒரு மேசை. ஸ்டெதாஸ்கோப் இல்லை. நாற்பது வயது இருக்கும் டாக்டருக்கு. உட்காரச் சொன்னார். "சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். விசிறி சுற்றியது. கீழே பாளையங்கோட்டை பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தொழிலில் ஒரு மனிதர் இலைக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஏதோ மனக்குறை என்று அர்த்தம். பத்திரிகை சரியாக வைத்திருக்க மாட்டார்கள், அல்லது வாசலில் யாரும் வாங்க என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பக்குவமாகக் கேட்க வேண்டும். கேட்டேன்.

"சார், ஏதும் குறையா?"

"குறையா?"

"இல்ல, ஒண்ணும் பேசலியே."

"நான் பேசலைன்னா உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒங்களுக்கு ஏதோ மனவருத்தம்னு தோணுது."

அவர் "ம்" என்றார். நீங்களே சொல்லுங்கள், வருத்தம் இல்லாதவர் இல்லை என்று சொல்ல மாட்டாரா? "ம்" என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த முக்கால் மணி நேரமும் அவரைத் தேற்றிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பகவதி கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"பாவம், ரொம்ப மனக்கஷ்டத்துல இருக்காரு."

"யாரு?"

"டாக்டரு."

"நீங்க ஒங்க நெஞ்சுவலியச் சொன்னீங்களா?"

"அதுக்கு எங்க நேரம்?"

அவள் தாரிணிக்குப் போன் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போவது எனக்கு வராது. டாக்டர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழம் வாங்கும்போது மனசுல என்ன ஓடுச்சு?" என்றார். கடைக்காரன் காயைத் தலையில் கட்டிவிடுவானோ என்று ஓடியது, அதைச் சொன்னேன். அப்புறம் மறுபடியும் மௌனம். சரி, மனிதரைக் கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று எங்கள் அப்பா கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், வேடிக்கையாக இருக்கும்.

எங்கள் அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தார். வீட்டில் பேசவே மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள், எதிரே வர மாட்டாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். சின்னப் பையன், ஆறேழு வயது இருக்கும். புருவம் ஏறினால் உப்பு. விரல் நின்றால் மோர். நான் கையைக் காட்டுவேன், அம்மா எடுத்துக் கொடுப்பாள். டிராபிக் போலீஸ் மாதிரி. ஆடி மாதத்தில் ஒருநாள் ஒரு புருவமும் ஏறவில்லை, ஒரு விரலும் நிற்கவில்லை, மனிதர் திடீரென்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் கார்த்திகை தீபம் வரைக்கும் வீட்டில் ஒருத்தரிடமும் பேசவில்லை. எதற்கென்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. நான் என்னத்தைப் பார்க்காமல் விட்டேன் என்று... சரி, அதை விடுங்கள். டிராபிக் போலீஸ் என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். யாரிடம் சொன்னாலும் அந்த இடத்தில் சிரிப்பார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "அப்ப நீங்க எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறு தாண்டிவிட்டது. அடடா என்று ஆகிவிட்டது எனக்கு. மத்தியானத்திலிருந்து ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள், மனிதருக்கு ஒரு காப்பி கொடுக்க நாதி இல்லை. வாயைத் திறந்து பசிக்கிறது என்று கேட்பாரா, படித்தவர்? சுற்றி வளைத்துச் சாப்பாட்டுப் பேச்சை எடுக்கிறார். இதைக்கூடப் புரிந்துகொள்ளாவிட்டால் நான் என்ன பந்தி பார்க்கிறவன்?

அடுத்த வாரம் கேரியரில் சொதி கொண்டுபோனேன். எங்கள் பக்கத்துச் சொதி தெரியும் அல்லவா? தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய். மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளைக்கு வைப்பது. சுடலைமுத்துவிடம் சொல்லித் தனியாக வைக்கச் சொன்னேன். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மேசை மேல் வைத்தேன். டாக்டர் திறக்கவில்லை. நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் கேரியர்.

"நீங்க பேசும்போது கேரியரையே பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்றார்.

"ஆறிரும் சார்."

"ஆறினா?"

"ஆறுனா நீங்க சாப்பிட மாட்டீங்க."

"நான் சாப்பிடலைன்னா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை. அவ்வளவுதானே. ஆனால் அந்த மனிதர் அப்படிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தபோது, அதே துணி பிழிகிற வாயு வந்துவிட்டது. வேர்வை, நடுக்கம், எல்லாம். எழுந்து ஓடப் பார்த்தேன். டாக்டர் எழுந்து வந்து விசிறவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. மெதுவாக, "இங்கேயே இருங்க. நானும் இருக்கேன். என்ன வருதுன்னு ரெண்டு பேரும் பார்ப்போம்" என்றார். உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே இறங்கிவிட்டது. தேங்காய்க் குவியல் இல்லாமலே. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கேரியரைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். கீழே ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் நின்று, வேண்டுமா வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவன், "அண்ணாச்சி, நீங்க நின்னா எறங்க மாட்டேங்கு. கொஞ்சம் அங்குட்டுப் போங்க" என்றான். நன்றி கெட்ட உலகம்.

இப்போது கனவு விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். டாக்டருக்குக் கனவு என்றால் உயிர். "ஏதாவது கனவு வந்துச்சா?" என்று எப்போதாவது கேட்பார். அப்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்குக் கனவு வராது. படுத்தால் கட்டை. இல்லை என்றதும் அந்த முகம் வாடுகிற மாதிரி எனக்குத் தோன்றும். ஒருத்தர் ஒன்றை ஆசையாகக் கேட்கிறார், நம்மிடம் இல்லை என்று கையை விரிப்பதா? அடுப்படியில் போய் விசாரித்தேன்.

நம்பி என்று ஒருத்தன், எனக்கு அடுத்தபடியாகப் பந்தி பார்க்கிறவன். அவனுக்கு வருகிற கனவையெல்லாம் வெளியே சொல்ல முடியாது. சுடலைமுத்துவிடம்தான் நல்லதாக ஒன்று இருந்தது. வண்டிச்சக்கரம் அளவுக்கு ஓர் உளுந்தவடை அவரைத் தெற்கு ரத வீதியில் துரத்துகிறதாம். அவர் ஓடுகிறார், வடை உருண்டு வருகிறது, வாகையடி முக்கில் திரும்புகிறார், வடையும் திரும்புகிறது. நான் அதைப் பக்குவமாக டாக்டரிடம் சொன்னேன். கடைசியில் ஓட்டை வழியாகக் குதித்துத் தப்பித்தேன் என்று நானாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் ரொம்ப நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தார். துரத்துறப்ப என்ன தோணுச்சு, அந்த ஓட்டை எப்படி இருந்துச்சு, பின்னாடி யாராவது இருந்தாங்களா? எனக்குத் தெரிந்தால்தானே? சுடலைமுத்துவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் தவறி வந்துவிட்டது.

"சுடலைமுத்துவையா?"

"கனவு அவரோடது சார். ஓட்டை மட்டும் என்னோடது."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது, ஆனால் அவர் சிரிக்க மாட்டார். பிறகு சொன்னார்: "கனவைக்கூட எனக்குப் பரிமாறக் கொண்டுவந்திருக்கீங்க. இந்த அறையில உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்துக்க உங்களால முடியலை."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. கனவு பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். எனக்கென்று எதை எடுத்துக்கொள்வது? அந்த அறையில் இருப்பதே இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும்.

மார்கழிக் கடைசியில் பத்திரிகை வைக்கப் போனேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், எல்லாம் முறைப்படி வைத்து நீட்டினேன். டாக்டர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மரியாதை தெரிந்தவர். ஆனால் வர முடியாது என்றார். சிகிச்சைக்கு வருகிறவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் போவதில்லையாம். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

"அப்படிச் சொல்லக் கூடாது. நீங்க வந்து முதல் பந்தியில உக்காந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"நான் வந்தா நீங்க எங்க இருப்பீங்க?"

"ஒங்க எலைக்குப் பக்கத்துல."

"தாரிணிக்குப் பக்கத்துல?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்லவும் இல்லை. அவரும் விடவில்லை, அதாவது பேசாமலே விடவில்லை. அன்றைக்கு நானும் வீம்பாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருந்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பார்த்தேன். அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. வீட்டுக்கு வந்து பகவதியிடம், "ஒருத்தர் பேசாம இருந்தா அவருக்கு நம்ம மேல கோவம்னு அர்த்தமா?" என்று கேட்டேன். அவள், "நான் பேசாம இருந்தா கோவம். மத்தவங்க எனக்குத் தெரியாது" என்றாள்.

கல்யாணத்தன்று மேடையில் உட்கார்ந்தேன். பட்டு வேட்டி, தலைப்பாகை. காலை டிபன் பந்தி கீழே நடக்கிறது. மேடையிலிருந்து பார்த்தால் பந்திக்கூடம் தெரியாது. ஆனால் காது இருக்கிறதே. ஐயர் மந்திரம், நாதஸ்வரம், எல்லாவற்றையும் தாண்டி வாளியின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. சாம்பார் தீருகிறது. எனக்கு உடம்பெல்லாம் எறும்பு. தாரிணி திரும்பாமலே, உதட்டை அசைக்காமல், "அப்பா" என்றாள். அவ்வளவுதான். மணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் நம்பி மேடைக்குப் பின்பக்கமாக ஏறி வந்து காதுக்குள், "அண்ணாச்சி, மாப்பிள்ள வீட்டு பஸ்ஸு ரெண்டும் ஒண்ணா வந்துட்டு. சாம்பார் பத்தாது. என்ன செய்ய?" என்றான்.

எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. எழுந்தால் இவளும் எழுந்துவிடுவாள். என்னையறியாமல் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒனக்கு என்ன தோணுது?"

"எனக்கா?"

"ம்."

நம்பியிடம் யாரும் வாழ்க்கையில் அப்படிக் கேட்டதில்லை. அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் அவனையே பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். அவன் தானாகவே, "மத்தியானச் சாம்பாரை எறக்கிரட்டுமா?" என்றான். நான் மறுபடியும் "ம்" என்றேன். இறங்கி ஓடிவிட்டான்.

நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். மத்தியானச் சாம்பாரில் கத்தரிக்காய் கிடக்கும், இட்லிக்குச் சேராது. பிற்பாடு விசாரித்தேன். சாப்பிட்டவர்களில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லையாம். ஒருத்தர்கூட. அதுதான் என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

தாரை வார்த்தோம். என் கையில் மகள் கை, மேலே பகவதி தண்ணீர் விடுகிறாள். என் கை சாய்ந்து தண்ணீர் வேட்டியெல்லாம் சிந்தியது. தாரிணி விரலால் என் கையை ஓர் அழுத்து அழுத்தினாள். தாலி கட்டுவதை நான் பார்த்தேன். சொல்லப்போனால் நான் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னுடைய கல்யாணத்திலேயே நான் இலைக்கட்டு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் சாப்பாடு. தாரிணிக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இலை போட்டார்கள். எதிர் வரிசையில் ஒருத்தர் இலைக்கு உப்பு வைக்கவில்லை. நான் கையைத் தூக்கப் போனேன்.

"அப்பா, ஒங்க எலையப் பாருங்க."

பார்த்தேன். அவியல், பொரியல், பச்சடி, அப்பளம், எல்லாம் வைத்திருந்தார்கள். என் இலையில். அது ஒரு மாதிரி இருந்தது. யாரோ வருகிறவருக்குப் போட்டு வைத்த இலை மாதிரி. நான் உட்கார்ந்திருந்தால் அவர் வந்து எழுப்பிவிடுவாரோ என்று இருந்தது. சாப்பிட ஆரம்பித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. இஞ்சிப் பச்சடி. சுடலைமுத்து அன்றைக்கு இஞ்சியை அள்ளிப் போட்டுவிட்டார். தாரிணிகூட, "என்னப்பா?" என்றாள். பச்சடி என்று சொன்னேன். அவள் பச்சடியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் இருந்து இருந்து அவளுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது.

என் இலையில் சோறு தீர்ந்துவிட்டது. எனக்கு இன்னும் பசித்தது. ரசம் போகிறது, பாயசம் போகிறது, சோறு வரவில்லை. ஒருத்தனும் என் இலையைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? பார்க்கிற ஆள் இங்கே உட்கார்ந்திருக்கிறான். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. கையைத் தூக்குவதா, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதா, கனைப்பதா? காலி இலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அப்பாடி, அது எவ்வளவு நீளமான நேரம் தெரியுமா?

பிறகு, "ஏ நம்பி, எனக்குக் கொஞ்சம் சோறு" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

நம்பி திட்டுகிறேன் என்று நினைத்து அலறி அடித்துக்கொண்டு ஓடிவந்து, வாளியோடு கவிழ்த்துவிட்டான். போதும் என்று சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. முழுதும் சாப்பிட்டேன். தாரிணி, மாப்பிள்ளை, பகவதி, மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு நான் முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார்கள். எனக்காக ஒரு பந்தியே எழுந்திருக்காமல் காத்திருந்தது. அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்று முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

நெஞ்சா? ஆமாம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு வாயு வரவில்லை.

போன வாரம் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். சோறு கேட்ட இடத்தில் மறுபடியும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பச்சடியை நினைத்ததால் இருக்கும். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏதும் குறையா என்று கேட்கவும் தோன்றவில்லை. இரண்டு பேரும் நேரம் முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். புறப்படும்போது, வாசலில், அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். ஆள் கொஞ்சம் தெளிந்திருக்கிறார்.

இனிமேல் நான் வர வேண்டுமா என்று தாரிணி கேட்கிறாள். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே. ஆனால் பாதியில் எப்படி விடுவது? அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்படும். நீங்களும் உள்ளே போனால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பழம் கிழம் வாங்கிப் போகாதீர்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்.

கதவு திறக்கிறது. அந்த அம்மா வந்துவிட்டார்கள். நான் போகிறேன். உங்களுக்கு நாக்கு வறண்டிருக்கிறது போலிருக்கிறதே, பேசினது முழுக்க நான், வறண்டது உங்களுக்கு. தண்ணீர் வேண்டுமா? பானை அந்த மூலையில் இருக்கிறது. இருங்கள், நான் எடுத்து... இல்லை. டம்ளர் பானை மேலேயே இருக்கிறது. நீங்களே எடுத்துக் குடியுங்கள். எனக்கு நேரமாகிவிட்டது.